பதில் சொல்லாத கணினிகள்

2002 நவம்பர் 28ஆம் திகதியிட்டு இலங்கைத் திறைசேரி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன் இலக்கம் ஐஏஐ/2002/02. கணினிகளுக்கும் துணைக்கருவிகளுக்கும் மென்பொருள்களுக்கும் அரச நிறுவனங்கள் தனியாக ஒரு நிலையான சொத்துப் பதிவேடு பேண வேண்டும் என்பது அதன் கட்டளை. அதன் பின்னர் கணக்காய்வாளர் நாயகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுகிறவர்கள் இந்த இலக்கத்தை அடிக்கடி சந்திக்கிறார்கள். ஓரிடத்தில் திணைக்களம், இன்னோரிடத்தில் கூட்டுத்தாபனம், வேறோரிடத்தில் பல்கலைக்கழகம் என்று நிறுவனத்தின் பெயர் மாறும். குற்றச்சாட்டு மாறாது: சுற்றறிக்கை சொன்னபடி கணினிப் பதிவேடு பேணப்பட்டிருக்கவில்லை.

கதிரைக்கும் மேசைக்கும் அலுமாரிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்துப் பழகிய நிருவாகம் அது. தன்னைப் பற்றித் தானே விவரம் சொல்லக்கூடிய ஒரு பொருள் அலுவலகத்துக்குள் வந்த பிறகுதான் கணக்குப் பிழைக்கத் தொடங்கியது. சோம்பல் இதற்கு ஒரு பகுதிக் காரணம். மிச்சக் காரணங்கள் தொழில்நுட்பத்தின் வரலாற்றிலும் கொழும்பு அலுவலகங்கள் கணினி வாங்கிய விதத்திலும் கிடக்கின்றன. அவற்றைத் தோண்டிப் பார்ப்பது அவசியம். எண்ணாமல் விடப்பட்டவை பொதுமக்களின் பணத்தில் வாங்கப்பட்ட பொருள்கள்.

பிரித்தானியர் கரையோர இலங்கையைக் கைப்பற்றிய சில ஆண்டுகளில், ஆளுநர் ஃபிரடெரிக் நோர்த்தின் காலத்தில், 1799இல் இங்கே கணக்காய்வுத் திணைக்களம் தோன்றியது. நாட்டின் மிகப் பழைய திணைக்களங்களில் அதுவும் ஒன்று. அரச பொருள்களைச் சரிபார்க்கும் முறை அந்த நீண்ட காலத்தில் மெல்ல மெல்ல இறுகியது. இன்றும் நிதிப்பிரமாணம் 756இன் கீழ் ஆண்டுதோறும் ஒரு பொருள் கணக்கெடுப்புச் சபை அமைக்கப்படுகிறது. கந்தோர்களில் ‘போர்ட் ஒஃப் சேர்வே’ என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். சபையின் உறுப்பினர்கள் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாக நடப்பார்கள். பொருளில் பெயின்டால் எழுதிய இலக்கத்தைப் பதிவேட்டு இலக்கத்தோடு ஒப்பிடுவார்கள். உள்ளது, இல்லாதது, மிகையானது, பழுதானது என்று பிரித்து எழுதி ஒப்பமிடுவார்கள். 1978 டிசெம்பர் 19ஆம் திகதிய 842ஆம் இலக்கத் திறைசேரிச் சுற்றறிக்கை நிலையான சொத்துப் பதிவேட்டை வற்புறுத்தியது. 2016 மார்ச் 31ஆம் திகதிய 05/2016ஆம் இலக்க அரச நிதிச் சுற்றறிக்கை ஆண்டுக் கணக்கெடுப்பின் நடைமுறையை மறுபடி வகுத்தது.

இந்த முறை மரத் தளபாடங்களுக்காகப் பிறந்தது. மேசையின் கால் ஒன்றைக் கழற்றி இன்னொரு மேசைக்குப் பூட்டுகிறவர்கள் குறைவு. கணினிக்குள் இருக்கும் ராமும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரு ஸ்குரூ டிரைவரோடு இடம் மாறிவிடும். பெட்டியின் மேல் எழுதிய இலக்கம் அப்படியே இருக்கும். அதற்குள் இருக்கும் மென்பொருளைக் கண்ணால் பார்க்கவே முடியாது. சபை உறுப்பினர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் பெட்டியைத்தான் எண்ணலாம்.

ஆரம்பத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க தலைமை வகித்த அரச பொறியியற் கூட்டுத்தாபனத்துக்கு 1967இல் நாட்டின் முதலாவது கணினி வந்தபோது அது ஒரு அறையை நிரப்பிய இயந்திரம். அது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் தேட வேண்டியதில்லை. 1980களில் தனியாள் கணினிகள் வந்தன. 1984இல் அரசு சின்டெக் என்ற கணினி, தகவல் தொழில்நுட்பப் பேரவையை அமைத்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க ஒரு தலைமுறைக்கே கணினியைப் பழக்கினார். அந்த ஆண்டுகளிலும் ஒரு கந்தோரில் ஒன்றோ இரண்டோ கணினிதான் இருக்கும். குளிரூட்டிய அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால், தூசி படாமல் துணி போர்த்தி வைத்திருப்பார்கள்.

எண்ணிக்கை பெருகியது 1990களில். சுங்கத் திணைக்களம் ஐக்கிய நாடுகள் வர்த்தக, அபிவிருத்தி மாநாடு உருவாக்கிய அசிக்குடா முறைக்கு மாறியது. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் சரக்கு விடுவிக்கும் முகவர்களின் சின்னச் சின்னக் கந்தோர்களில் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் கணினி வந்து குந்தியது. 1995இல் வர்த்தக இணையம் வந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியின் மாடிகளில் கணக்காளர் அலுவலகங்களும் பயண முகவர்களும் கணினி வகுப்புகளும் நிறைந்தன. இவற்றிற் பலவற்றில் கணினி பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியாக வரவில்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி, ஒரு கடையில் மதர்போட், இன்னொரு கடையில் ஹார்ட் டிஸ்க் என்று விலை கேட்டு, பூட்டி எடுத்துவந்த ‘அசெம்பிள்ட்’ மெஷின்களே அதிகம். காசு குறைவு, பழுதானால் திருத்துவதும் சுலபம். அன்றைய கொழும்புக்கு அது நல்ல தெரிவு. பின்னாளில் எண்ணும் மென்பொருளைத் திணறடித்ததும் இதே தெரிவுதான்.

அந்த மென்பொருளின் கதை வெளியில் தொடங்குகிறது. அமெரிக்க, ஐரோப்பியக் கம்பனிகளில் கணினிகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது ஆளை அனுப்பி எண்ண முடியவில்லை. 1994இல் மைக்ரோசொஃப்ட் தன் சிஸ்டம்ஸ் மனேஜ்மென்ட் சேர்வரை வெளியிட்டது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு நிரலை, ‘ஏஜன்ட்’ என்று சொல்வார்கள், குடியேற்றிவிட்டால் அது உள்ளே இருப்பதைப் படித்து நடுச் சேர்வருக்கு அறிவிக்கும். வேறொரு வழி ஏஜன்ட் இல்லாமல், சேர்வரே ஒவ்வொரு கணினியின் கதவையும் வலையமைப்பு வழியாகத் தட்டிக் கேட்பது. விண்டோஸ் 2000இலிருந்து இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்த டபிள்யூஎம்ஐ என்ற ஏற்பாடு இந்த இரண்டாவது வழியை எளிதாக்கியது. உன் செயலி என்ன, நினைவகம் எவ்வளவு, என்னென்ன மென்பொருள் நிறுவியிருக்கிறது என்று தொலைவிலிருந்தே கேட்கலாம். பிரான்ஸில் பிறந்த ஓசிஎஸ் இன்வென்டரி, பெல்ஜியத்தின் லான்ஸ்வீப்பர், 2006இல் அமெரிக்காவின் ஒஸ்டினில் தொடங்கிய ஸ்பைஸ்வேர்க்ஸ் ஆகியவை இந்த வசதியைப் பெரிய பணம் இல்லாத அலுவலகங்களுக்கும் கொண்டுவந்தன.

இதற்கிடையில் 2000ஆம் ஆண்டுப் பிரச்சினை வந்துபோனது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த நிரல்கள் 1999 டிசெம்பர் 31 நள்ளிரவில் குழம்பும் என்ற அச்சத்தில் உலகமெங்கும் அலுவலகங்கள் செய்த முதல் வேலை, தம்மிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டதுதான். கணினிப் பட்டியலை நடுநிசிக்குள் முடிக்க வேண்டிய அவசர வேலையாக அலுவலகங்கள் நினைத்தது அந்த ஒரு தடவை. நள்ளிரவு அமைதியாகக் கழிந்தது. பட்டியல் போடும் பழக்கமும் அதோடு பல இடங்களில் நின்றுவிட்டது. மூன்று ஆண்டு கழித்துத் திறைசேரி சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

எண்ணும் மென்பொருளை ஓடவிட்டால் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்பது விற்பனையாளர் சொல்வது. ஓடவிட்ட முதல் நாளில் தொழில்நுட்பவியலாளர் காண்பது வேறு. கட்டடத்தில் நாற்பது கணினி இருக்கும். திரையில் இருபத்தைந்துகூட வராது. காரணங்களில் விசித்திரமானது நகலெடுப்பு. 1995இல் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் உருவாகி, 1998இல் சிமென்டெக் நிறுவனம் வாங்கிய ‘கோஸ்ட்’ என்ற நிரல், ஒரு ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் அச்சுப் பிசகாமல் பிரதி செய்தது. ஒரு கணினியை ஒழுங்காக அமைத்துவிட்டு, மீதியை அதன் பிரதிகளாக ஆக்கிவிடலாம். ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். பிரதியோடு கணினியின் அடையாளமும் பிரதியாகும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. மைக்ரோசொஃப்டின் ஏஜன்ட் தன் அடையாள எண்ணை விண்டோஸ் கோப்புறையில் ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்திருந்தது. ஏஜன்ட்டை நிறுவிய பின் நகலெடுத்த பத்துக் கணினிகளும் சேர்வரிடம் ஒரே எண்ணைச் சொல்லின. சேர்வர் அவற்றை ஒன்றாகவே பதிந்தது. கடைசியாகப் பேசிய கணினியின் விவரம் முந்தியதை அழித்தது. காலையில் ஒரு பிரிவின் கணினியாகத் தோன்றியது மாலையில் வேறொரு பிரிவின் கணினியாகத் தோன்றும்.

யுனிட்டி பிளாசா மெஷின்களில் இதற்கு இன்னொரு வடிவம் இருந்தது. பெயர்பெற்ற நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே மதர்போட்டுக்குள் ஒரு தொடர் இலக்கத்தை எழுதிவிடும். எண்ணும் மென்பொருள் அந்த இலக்கத்தைத்தான் முதலில் தேடும். கடையில் பூட்டிய மெஷினில் அந்த இடத்தில் ‘டு பி ஃபில்ட் பை ஓ.ஈ.எம்.’ என்ற ஆங்கில வாசகம் அப்படியே கிடக்கும். தயாரிப்பவர் இதை நிரப்பவேண்டும் என்பது பொருள். ஒருவரும் நிரப்பவில்லை. ஒரே ரக மதர்போட்டுகள் சிலவற்றில் தனித்தனியாக இருக்கவேண்டிய நீண்ட அடையாள எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. தொடர் இலக்கத்தைச் சாவியாக வைத்த மென்பொருளுக்கு ஒரு அலுவலகத்தின் அசெம்பிள்ட் மெஷின்கள் எல்லாம் ஒரே மெஷின்தான். திருத்தும் வழி கடினமானதல்ல. வலையமைப்பு அட்டையின் முகவரியையும் கணினியின் பெயரையும் சேர்த்து அடையாளமாக வைக்கும்படி அமைப்பை மாற்ற வேண்டும். பிரச்சினை இங்கேதான் என்று கண்டுபிடிக்கும்வரை, எண்ணிக்கை குறைந்ததற்குக் களஞ்சியப் பொறுப்பாளர்மேல் சந்தேகம் விழும். மென்பொருளின் பிழைக்கு ஒரு மனிதரைச் சந்தேகிப்பது சிறிய அநியாயம் அல்ல.

2003 ஒகஸ்ட் 11ஆம் திகதி பிளாஸ்டர் என்ற புழு உலகம் முழுவதும் பரவத் தொடங்கியது. விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் ஆர்பிசி என்ற ஏற்பாட்டின் ஓட்டை வழியாக, 135ஆம் இலக்கத் துறையூடாக அது நுழைந்தது. திரையில் ஒரு எச்சரிக்கை தோன்றி அறுபது விநாடியில் கணினி அணைந்து மறுபடி எழும்பும். எழும்பியதும் மறுபடி அணையும். அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் ஜூலை மாதமே வெளியிட்டிருந்தது. தம்மிடம் எந்தக் கணினியில் திருத்தம் இல்லை என்று தெரிந்தவர்கள் தப்பினார்கள். பட்டியல் என்பது கணக்காய்வாளருக்குக் காட்டும் காகிதம் மட்டுமல்ல என்பதை அந்த ஒகஸ்ட் காட்டியது.

எண்ணும் மென்பொருள் தட்டுவதும் அதே 135ஆம் கதவைத்தான். புழுவுக்குப் பயந்து நிருவாகிகள் அந்தக் கதவை அடைத்தார்கள். ஓராண்டு கழித்து 2004 ஒகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சேர்விஸ் பேக் வந்தது. அது ஃபயர்வோல் என்ற காவல் மதிலை இயல்பாகவே இயக்கி வைத்தது. திருத்தம் நிறுவிய கணினிகள் எண்ணும் மென்பொருளின் கண்ணிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. அதில் ஒரு கசப்பான முரண் இருந்தது. ஒழுங்காகப் பராமரித்த கணினி பட்டியலில் இல்லை; திருத்தமே போடாத கணினி பட்டியலில் பளிச்சென்று இருந்தது.

இந்த இடத்தில் திருத்துகிறவருக்கு உதவியது பிழைச் செய்தியைப் பொறுமையாக வாசிக்கும் பழக்கம். ‘ஆர்பிசி சேர்வர் கிடைக்கவில்லை’ என்று வந்தால் கேள்வி கணினியைச் சென்றடையவே இல்லை. கணினி அணைந்திருக்கலாம், ஃபயர்வோல் மறித்திருக்கலாம், பெயரைத் தப்பான முகவரிக்கு மாற்றியிருக்கலாம். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால் கேள்வி சேர்ந்துவிட்டது; கேட்டவருக்கு உரிமை இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஃபயர்வோலைத் திறந்து மூடி நாளைக் கழித்தவர்கள் ஏராளம். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற இடங்களின் சிறு அலுவலகங்களில் இரண்டாவது செய்திக்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. பயனாளர் கணக்குகளை நடுவில் வைத்து ஆளும் டொமைன் சேர்வர் அங்கே இருக்காது. கணினிகள் வெறும் வேர்க்குரூப்பாக இணைந்திருக்கும். அந்த நிலையில் எக்ஸ்பி, வலையமைப்பு வழியாக வருபவர் சரியான கடவுச்சொல்லைச் சொன்னாலும் அவரை ‘கெஸ்ட்’ என்று, விருந்தாளியாகவே நடத்தும். விருந்தாளிக்கு உள்ளறைக் கணக்குச் சொல்லப்படமாட்டாது. பாதுகாப்பு அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் அந்தக் கதவு திறந்துவிடும். 2007இல் பொதுப் பாவனைக்கு வந்த விஸ்டா வேறொரு வகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. நிருவாகி உரிமை உள்ள உள்ளூர்க் கணக்கும் தொலைவிலிருந்து வந்தால் அரை உரிமையோடுதான் நின்றது.

வேலை தெரிந்தவர்கள் எண்ணும் மென்பொருளை உடனே குறை சொல்லமாட்டார்கள். முதலில் பிங் செய்து கணினி பதில் தருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பெயர் எந்த முகவரிக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். முகவரிகள் தானாக வழங்கப்படும் வலையமைப்பில் நேற்று கணக்குப் பிரிவுக்குப் போன இலக்கம் இன்று வரவேற்பு மேசைக்குப் போயிருக்கும். பெயர்ப் பதிவு பழையதாகவே இருந்தால் ஒரு கணினியின் பெயருக்கு நேரே இன்னொன்றின் விவரம் பதிவாகிவிடும். இந்தப் பிழையைப் பிழைச் செய்தி எதுவும் காட்டிக்கொடுக்காது என்பதால் இதுதான் மிகவும் ஆபத்தானது. அதன் பிறகு விண்டோஸோடு வரும் டபிள்யூபெம்டெஸ்ட் என்ற சிறு கருவியால் நேரடியாக ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் பதில் வராவிட்டால் பிழை எண்ணும் மென்பொருளில் இல்லை.

மென்பொருளை எண்ணுவது இன்னும் சிக்கல். 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களின் உரிமையைப் பாதுகாத்தது. உரிமம் இல்லாத பிரதிகள் மலிவான சீடிகளில் தாராளமாகப் புழங்கிய காலம் அது. பிஸ்னஸ் சொஃப்ட்வெயார் அலையன்ஸ் என்ற சர்வதேச அமைப்பின் ஆய்வு 2007இல் இலங்கையில் நிறுவப்பட்ட மென்பொருளில் 90 வீதம் உரிமம் அற்றது என்று மதிப்பிட்டது. 2017இல் அது 77 வீதமாக இறங்கியிருந்தது. மென்பொருள் விற்கும் கம்பனிகளின் அமைப்பு போட்ட மதிப்பீடு என்பதை மனதில் வைத்தே அந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் அலுவலகங்கள் தம் கணினிகளில் என்ன இருக்கிறது என்று கவலைப்படத் தொடங்கியதற்கு அந்த எண்களும் சட்டமும் காரணம்.

டபிள்யூஎம்ஐயில் நிறுவிய மென்பொருளைக் கேட்பதற்கென்றே ஒரு பட்டியல் உண்டு. பலர் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு பொறி இருந்தது. அந்தப் பட்டியலைக் கேட்டவுடன் விண்டோஸ் ஒவ்வொரு மென்பொருளையும் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்து, தேவைப்பட்டால் திருத்தவும் தொடங்கிவிடும். வெறுமனே கேள்வி கேட்டதற்கே கணினிகள் மந்தமாகும். வேலை நேரத்தில் ஊழியர்கள் தொழில்நுட்பவியலாளரைத் திட்டுவார்கள். அதோடு, மைக்ரோசொஃப்டின் நிறுவல் முறைப்படி வந்தவை மட்டுமே அதில் தெரியும். அனுபவசாலிகள் அதை விட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள நீக்கல் பட்டியலைப் படித்தார்கள். 64 பிட் விண்டோஸ் வந்தபோது பழைய 32 பிட் நிரல்களின் பட்டியல் வேறொரு கிளைக்குப் போய்விட, அதைத் தெரியாதவர்களின் அறிக்கையில் பாதி மென்பொருள் காணாமற்போனது.

கொழும்பின் தமிழ் அலுவலகங்களில் எந்தப் பட்டியலிலும் சிக்காத ஒரு உலகமே இருந்தது. டாஸ் காலத்தில் ஃபொக்ஸ்புரோவிலும் கிளிப்பரிலும் எழுதிய கணக்கு நிரல்கள் நிறுவப்படுவதில்லை. ஒரு கோப்புறையைப் பிரதி செய்தால் போதும். சம்பளப் பட்டியலும் கடன்காரர் பேரேடும் அதற்குள்தான் ஓடும். பாமினி போன்ற தமிழ் எழுத்துருக்களும் டிஸ்க்கில் கைமாறிப் போய்ச் சேர்ந்தவை. எண்ணும் மென்பொருளின் அறிக்கையில் இவற்றின் பெயரே வராது. ஆனால் கணினியை மாற்றும் நாளில் முதலில் தேடப்படுவது இவைதான். பாமினி இல்லாத புதுக் கணினியில் பழைய தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்களின் குப்பைதான் தெரியும். அறிக்கையில் இருப்பது மென்பொருளுக்குத் தெரிந்த அலுவலகம். உண்மையான அலுவலகத்தின் உயிர்நாடி சில வேளை அறிக்கைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

பட்டியலை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் இந்த நகரத்தில் தனிக் கனம் உண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழரின் கடைகளும் அலுவலகங்களும் எரிக்கப்பட்டபோது பேரேடுகளும் இருப்புப் புத்தகங்களும் பொருள்களோடு சேர்ந்தே சாம்பலாகின. பிறகு புனர்வாழ்வுக்கும் இழப்பீட்டுக்கும் என்று அமைக்கப்பட்ட அதிகாரசபையின் முன் என்ன இழந்தோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. இழப்பை நிரூபிக்க வேண்டிய காகிதமும் இழப்பில் அடங்கிவிட்டது. 1996 ஜனவரி 31ஆம் திகதி கோட்டையில் மத்திய வங்கி குண்டுத் தாக்குதலுக்கு இலக்காகிச் சுமார் தொண்ணூறு பேர் உயிரிழந்த பிறகு, பதிவுகளின் ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்ற பேச்சு கொழும்பு நிறுவனங்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. கணினிகளின் பட்டியலை அந்தக் கணினிகளில் ஒன்றிலேயே வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நிதிப் பதிவேட்டுக்கும் வலையமைப்புக்கும் இடையே இன்னொரு முரண்பாடு வளர்ந்தது. கணக்கியலில் கணினியின் ஆயுள் குறுகியது. சில ஆண்டுகளில் தேய்மானம் கழிந்து அதன் பெறுமதி புத்தகத்தில் பூச்சியமாகும். சர்வதேச முறையைத் தழுவிய இலங்கைக் கணக்கீட்டு நியமங்கள் 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பின், முழுதாகத் தேய்மானம் கழிந்தும் பாவனையில் உள்ள சொத்துகளை மீளாய்வு செய்யவில்லை என்ற குறிப்பு, அந்த நியமங்களில் ஒன்றான எல்கேஏஎஸ் 16ஐச் சுட்டிக்காட்டி, கணக்காய்வு அறிக்கைகளில் பெருகியது. புத்தகத்தில் இறந்த கணினி வலையமைப்பில் நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் உயிரோடு இருக்கும் இன்னொன்று களஞ்சியத்தின் மூலையில் வயர் சுற்றிக் கிடந்தது. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது கணக்காளரின் வேலையா, கணினிப் பிரிவின் வேலையா என்பது பல இடங்களில் முடிவாகவே இல்லை. கணக்காளர் பதிவேட்டை நம்பினார், கணினிப் பிரிவு திரையை நம்பியது, ஓடிட்காரர்கள் வந்து இரண்டையும் கேட்டார்கள்.

சரியாகச் செய்த இடங்கள் மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொண்டன: நடை. மென்பொருளின் பட்டியலை அச்சிட்டு, பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, பழைய சபை நடந்ததுபோலவே ஒருவர் அறை அறையாகப் போவார். திரையில் வராத கணினியை ‘இல்லை’ என்று எழுதாமல் ‘பதில் இல்லை’ என்று தனியாக எழுதுவார். இந்தச் சிறு வேறுபாட்டில்தான் முழு வேலையும் தங்கியிருக்கிறது. ‘இல்லை’ என்றால் நிதிப்பிரமாணம் 104இன் கீழ் இழப்பு விசாரணை தொடங்க வேண்டும். ‘பதில் இல்லை’ என்றால் ஒருவர் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். பிளக் கழன்றிருக்கலாம். ஊழியர் விடுமுறையில் இருக்கலாம். ஒரு சின்ன சுவிட்ச் பழுதாகி ஒரு மாடியே இருளில் இருக்கலாம்.

பின்னர் நடக்கவே முடியாத காலம் வந்தது. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு. மடிக்கணினிகள் வீட்டுக்குப் போயின. சில அலுவலகங்களில் மேசைக் கணினிகளே முச்சக்கர வண்டியில் ஏறின. ஒக்டோபரில் இரண்டாவது அலை வந்தபோது கொட்டாஞ்சேனைப் பொலிஸ் பிரிவும் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் வந்தது. அலுவலகச் சேர்வர் தட்டினால் திறக்கும் தூரத்தில் எந்தக் கணினியும் இல்லை. ஏஜன்ட் இல்லாத முறைகள் அப்போது முற்றாகக் குருடாகின. இணையம் வழியாகத் தாமே அறிக்கை அனுப்பும் ஏஜன்ட்டுகள் மட்டும் பேசின. வீட்டு வலையமைப்பில், பிள்ளைகள் வகுப்புக்கும் பயன்படுத்தும் கணினியில் அலுவலகம் எவ்வளவு எட்டிப் பார்க்கலாம் என்ற நியாயமான கேள்வியும் எழுந்தது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் அந்தக் கேள்வி சட்டத்தின் மொழியிலும் பேசப்பட்டது.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. அணைந்த கணினியை எந்த மென்பொருளாலும் எண்ண முடியாது. எரிபொருள் இல்லாமல் ஜூன் 20 முதல் அரச ஊழியர்கள் மிகக் குறைந்த அளவிலேயே அழைக்கப்பட்டார்கள். அதற்கு ஆறு நாள் முன்பு, ஜூன் 14ஆம் திகதி, மைக்ரோசொஃப்ட் டிகொம் என்ற தொடர்பு முறையை இறுக்கும் திருத்தத்தின் இரண்டாம் கட்டத்தை வெளியிட்டிருந்தது. 2021இல் தெரியவந்த ஒரு பாதுகாப்புக் குறைக்கான மருந்து அது. பழைய எண்ணும் கருவிகள் சில அதனால் மறுபடி ஊமையாகின. விரும்பினால் நிறுத்திவைக்கும் வசதி 2023 மார்ச் 14 வரை இருந்தது. பிறகு அதுவும் இல்லை. ஆட்கள் அலுவலகத்தில் இல்லை, மின்சாரம் இல்லை, இடையில் மென்பொருளும் மாறிவிட்டது. பட்டியல் சுருங்கியபோது எது காரணம் என்று பிரித்தறிய, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 10036 என்ற இலக்கத்தைத் தேடத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தார்.

அடுத்த ஆண்டு நடந்தது இவை எல்லாவற்றிலும் பெரிது. 2023 ஒகஸ்ட் 26ஆம் திகதி லங்கா அரச கிளவுட் மீது மீட்புப்பணம் கேட்கும் தீநிரல் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை சீக்கிரமே மீண்டது. ஆனால் மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை, ஏனெனில் அந்தக் காலத்துக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. இணைப்பில் இருந்த பிரதியும் தாக்குதலில் சேர்ந்து பூட்டப்பட்டிருந்தது. கிளவுட்டை நடத்திய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் வெளிப்படையாகச் சொன்ன காரணங்களில் ஒன்று, மின்னஞ்சல் ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் என்பது. புதுப்பிக்கும் திட்டம் 2021இலிருந்து இருந்தது. நிதிப் பற்றாக்குறையால் தள்ளிப்போனது.

இந்த மின்னஞ்சல் சேர்வரைப் பட்டியலில் காணாமல் ஒருவரும் தவறவிடவில்லை. அது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் பதிப்பு இலக்கம் கேட்டவருக்கெல்லாம் கிடைத்திருக்கும். எக்ஸ்சேஞ்ச் 2013க்கான மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு முடிந்தது. இழந்த மின்னஞ்சல்களின் முதல் நாளுக்கு ஐந்து வாரம் முன்பு அது. தாக்குதலுக்குப் பிறகு முகவர் நிலையம் நாளாந்தம் வலையமைப்புக்கு வெளியே பிரதி எடுக்கவும் மின்னஞ்சல் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றவும் நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது.